மோல்டோவா வைனும் வரதராஜன் அங்கிளும்

மோல்டோவா எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. எனக்கு வேலை தந்த ஏஜென்சி அனுப்பிய வீடியோவைப் பார்த்துத்தான் படித்துக்கொண்டேன். ருமேனியாவுக்கும் உக்ரேனுக்கும் நடுவில் ஒரு சின்ன நாடு. தடக்கி விழுந்தால் திராட்சைத் தோட்டத்தில்தான் விழ வேண்டுமாம். அங்கிருந்து ஒரு சிவப்பு வைன் கப்பலேறி, மெல்பேர்னின் டண்டினொங்கில் ஒரு சுப்பர்மார்க்கெட்டின் மதுக்கடைப் பகுதிக்கு வந்து சேர்ந்திருந்தது. ஒரு பிட்சாவின் விலைக்கு ஒரு போத்தல் வாங்கலாம். பெயர் தெரியாத நாட்டுச் சாமானை யாரும் சும்மா தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள் என்பதால், சனிக்கிழமைகளில் ஒரு மேசையைப் போட்டு, அதற்குப் பின்னால் என்னை நிறுத்தி, வருகிறவர்களுக்கெல்லாம் ருசி காட்டச் சொல்லியிருந்தார்கள்.

“கறுப்பு செர்ரி, உலர்ந்த பிளம்ஸ், கடைசியில் மெல்லிய புகை” என்று நான் ஆங்கிலத்தில் ஒப்புவிப்பேன். ஆட்களும் கண்ணை மூடிக்கொண்டு, ஓ, புகை தெரிகிறதே என்பார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் நாவல்பழத்தைச் சப்பிவிட்டுச் சாயத் தேத்தண்ணீர் குடித்ததுபோல ஒரு கயர்ப்புத்தான். ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, கெட்ட வைன் இல்லை. விழுங்கி ஒரு நிமிஷம் கழித்துத்தான் அதன் நல்ல குணம் தெரியும். என்னைப் பற்றியும், நான் கட்டப்போகிற தனுஜன் அப்படித்தான் சொல்வான்.

இந்த வேலைக்கு ஒரு சான்றிதழ் எடுக்க வேண்டும். அதில் முக்கியமான பாடம் ஒன்றுதான். குடிவெறியில் நிற்கிறவருக்கு ஊற்றக்கூடாது. ஊற்றினால் அபராதம் ஊற்றிய கைக்கு. கேட்க லேசாக இருக்கும். ஆனால் நம்முடைய சனத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது லேசில்லை. பந்தியில் போதும் என்று சொல்கிறவர் சாப்பிடுகிறவர்தான். பரிமாறுகிறவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால், அந்த வீட்டின் மானம் அந்த இலையோடு சுருட்டி எறியப்பட்டது என்று அர்த்தம். அம்மா என்னைச் சின்ன வயதில் குட்டியதெல்லாம் இதற்குத்தான்.

நான் இலங்கையிலிருந்து படகில் வந்தவள். அப்போது எனக்குப் பத்து வயது. என் அப்பா தருமராசாவும் அம்மாவும் நானும் இன்றைக்கும் தற்காலிக விசாவில்தான் இருக்கிறோம். தனுஜனின் வீட்டுக்காரர் அதற்கு வெகு காலம் முன்பே விமானத்தில் வந்து, வீடு வாங்கி, கோயில் நிர்வாகத்தில் பதவிக் கதிரையும் பிடித்தவர்கள். படகுக்கும் பிளேனுக்கும் இடையில் மெல்பேர்ன் தமிழ்ச் சனம் வைத்திருக்கும் தூரம் இந்து சமுத்திரத்தைவிட அகலம். தனுஜன் என்னைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது அவனுடைய அம்மா ரஞ்சினி அன்ரி, விசாவுக்காகப் பிடித்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லி அழுதார். ஒரு வருஷம் இழுத்தடித்து, ஒருமாதிரிச் சம்மதித்து, திங்கட்கிழமை அவர்கள் வீட்டில் பொன்னுருக்கல் என்று நாள் குறித்திருந்தார்கள். தாலிக்கான பொன்னை உருக்கிவிட்டால் பிறகு அந்தக் கலியாணத்தை யாரும் அசைக்கமாட்டார்கள். அதுவரைக்கும் ஒரு வில்லங்கமும் வரக்கூடாது என்பதுதான் என் ஒரே வேண்டுதல். எனக்குத் தனுஜன் வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நான் வைன் ஊற்றுகிறேன் என்பது தனுஜனுக்கு மட்டும் தெரியும். அவனுடைய வீட்டுக்கு, ‘சுப்பர்மார்க்கெட்டில் வேலை’ என்று சொல்லி வைத்திருந்தோம். பொய் இல்லை. அரைவாசி உண்மை.

அன்று பின்னேரம் மேசைக்கு முன்னால் வந்து நின்றவரை நான் முதலில் கவனிக்கவில்லை. போத்தலைத் திருப்பிப் பெயரை வாசித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்து “கறுப்பு செர்ரி” என்று தொடங்க, அவர் நிமிர்ந்தார். தனுஜனின் அப்பா வரதராஜன் அங்கிள். அவருடைய விரலைப் பிடித்தபடி, அவருடைய மகள் சிவாஜினியின் பிள்ளை, ஐந்து வயது ஆரபி. நீச்சல் வகுப்பிலிருந்து நேரே வந்திருக்கிறாள். தலைமயிர் ஈரம் காயவில்லை.

கோயில் திருவிழாவில் மைக்கைப் பிடித்துக் குடியின் கேடு பற்றி அரைமணி நேரம் பேசுகிற மனுஷர். அவருக்கு முன்னால் அவருடைய வருங்கால மருமகள், கறுப்பு ஏப்ரனும் கட்டிக்கொண்டு, கையில் வைன் போத்தலோடு. எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

“பிள்ளை, நீ இஞ்சையோ?”

“ஓம் அங்கிள். சனிக்கிழமையில மட்டும்தான்.”

அவர் இடமும் வலமும் பார்த்தார். பிறகு சிரித்தார். நான் ஒருநாளும் காணாத ஒரு சிரிப்பு. மேசையில் கையை ஊன்றிக் குனிந்தபோது ஏலக்காய் மணந்தது. அதற்குக் கீழே விஸ்கி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறார்.

“அன்ரி மரக்கறிக் கடையில நிக்கிறா. இப்போதைக்கு வரமாட்டா. நான் உன்னைக் காணேல்ல, நீ என்னைக் காணேல்ல. சரியோ?”

“சரி அங்கிள்.”

எனக்கு உயிர் திரும்பி வந்தது. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகவே இருந்தது. அவருடைய களவு என் களவை மூடிவிட்டது.

“எங்கத்தைச் சாமான்?”

“மோல்டோவா அங்கிள்.”

“கேள்விப்படாத நாடாக் கிடக்கு. கொஞ்சம் விடு, பாப்பம்.”

விரல் நீளச் சின்னக் கப்பில் விட்டுக் கொடுத்தேன். மருந்தைப்போல ஒரே மடக்கில் குடித்தார். “முதல் விட்டது தொண்டையிலயே நிண்டிட்டுது” என்று திரும்பவும் நீட்டினார். இரண்டாவதையும் விட்டேன். அதைக் குடித்துவிட்டுக் கப்பை மேசையில் வைத்தார். கப் மேசையில் இருக்கவில்லை. விளிம்புக்கு வெளியே காற்றில் வைத்திருந்தார். அது கீழே விழுந்து உருண்டது. குனிந்து எடுக்கப் போனவர் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினார். கண் இரண்டும் சிவந்து, பார்வை என் முகத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ நின்றது.

ஆரபி எக்கி மேசையைப் பார்த்தாள். காரிலும் அம்மப்பாவின் தண்ணீர்ப் போத்தலில் இப்படி ஜூஸ் இருக்கிறது, ஆனால் தனக்குத் தருவதில்லை என்று ஆங்கிலத்தில் என்னிடம் முறையிட்டாள்.

“சும்மா இரு குஞ்சு” என்று அங்கிள் அவளை இழுத்தார். மூன்றாவது தடவையாகக் கப் நீண்டது.

“அங்கிள், கார் ஆர் ஓடுறது?”

“இதென்ன கேள்வி? நான்தான். அன்ரிக்கு ஓடத் தெரியாதே. விடு பிள்ளை, அவ வரப்போறா.”

போத்தலின் கழுத்து என் கையில் வழுக்கியது. கவுண்டரில் நின்ற முகாமையாளர் டெனிஸ் எங்கள் பக்கம் பார்த்தாள். ஊற்றினால் அபராதம், வேலையும் போகும். அதைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. ஆரபியின் ஈரத் தலையைத்தான் பார்த்தேன்.

“போதும் அங்கிள்.”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. கப் அப்படியே நீண்டிருந்தது. நான் போத்தலை மேசைக்குக் கீழே வைத்தேன்.

“தாற கை போதும் எண்டு சொல்லுறதோ?” குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “எங்கட ஆக்களில அப்பிடி ஒரு பழக்கம் இல்லையே. படகில வந்தவையிட்ட இருக்குதோ தெரியாது.”

“அங்கிள், நீங்கள் காரை வையுங்கோ. நான் டாக்சி எடுத்துத் தாறன்.”

“திங்கக்கிழமை என்ன நாள் எண்டு ஞாபகம் இருக்கோ பிள்ளை?”

“இருக்கு அங்கிள்.”

“நல்லது. ஞாபகம் வைச்சிரு.”

கப்பை என் முன்னால் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆரபியை இழுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். நேராகத்தான் நடந்தார். நேராக நடப்பதற்கு அவர் படுகிற பாடு பின்னாலிருந்து பார்க்கத் தெரிந்தது.

நான் ஏப்ரன் பையிலிருந்து போனை எடுத்துத் தனுஜனுக்கு அடித்தேன். அவன் கிளேட்டனில் ஆய்வுகூடத்தில் இருந்தான். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அதிர்ந்துபோவான் என்று நினைத்தேன்.

“எவ்வளவு குடிச்சவர்?” என்று கேட்டான்.

“என்னட்ட ரெண்டு. முதலே நல்லாக் குடிச்சிட்டுத்தான் வந்தவர். உனக்குத் தெரியுமோ?”

“கௌசி, ப்ளீஸ், சீன் ஆக்காதை. அம்மா வருவா. அவ பாத்துக்கொள்ளுவா. எப்பவும் அவதான் பாக்கிறவ.”

எப்பவும். அந்த ஒரு சொல்லில் எனக்கு விளங்கிவிட்டது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மைக் பிடித்த அரைமணி நேரமும் முன்வரிசையில் இருந்த முழுக் குடும்பத்துக்கும் தெரிந்திருக்கிறது.

“ஆரபி காரில இருக்கிறாள் தனுஜன்.”

“அவர் மெதுவாத்தான் ஓடுவார். ரெண்டு நாள், கௌசி. ரெண்டே நாள். ப்ளீஸ்.”

நான் போனை வைத்துவிட்டு, திறந்த போத்தல்களை அப்படியே விட்டு, டெனிஸ் பின்னால் கூப்பிடக் கூப்பிட, கார் பார்க்குக்கு ஓடினேன்.

வெள்ளி நிறக் காருக்குள் அங்கிள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். ஆரபி பின்னால் பிள்ளைகளுக்கான இருக்கையில் இருந்தாள். பட்டியைப் பூட்டவில்லை. அவளே பூட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் டிக்கியைத் திறந்து, கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாழையிலைக் கட்டும் ஏற்றிக்கொண்டு நின்றார் ரஞ்சினி அன்ரி. பொன்னுருக்கலுக்கு வாங்கிய சாமான்கள்.

“அன்ரி!”

என் ஏப்ரனைப் பார்த்தார். அதில் போத்தல் படம் போட்டிருந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்வதற்கு முன்னமே அவருக்கு விளங்கிவிட்டது. கைப்பையைத் திறந்து, ஒரு சின்ன டப்பாவிலிருந்து ஏலக்காய் எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனார். அங்கிள் பிள்ளையைப்போல வாயைத் திறந்தார். அன்ரி போட்டார். எத்தனை வருஷப் பழக்கமோ, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூட இல்லை.

“அன்ரி, அவரை ஓட விடாதேங்கோ. நான் டாக்சிக்கு அடிக்கிறன்.”

“காரை இஞ்ச விட்டிட்டுப் போனா ஆக்கள் காணுவினம். கோயில் ஆக்கள் முழுக்க இந்தக் கடைக்குத்தான் வாறவை. ஏன் கார் நிக்குது எண்டு கேப்பினம்.”

“அப்ப ஆரபியை எண்டாலும் என்னட்ட விட்டிட்டுப் போங்கோ. வேலை முடிய நான் கூட்டிக்கொண்டு வாறன்.”

“சிவாஜினி கேட்டா நான் என்ன சொல்லுறது?”

“உண்மையைச் சொல்லுங்கோ.”

அன்ரி என்னைப் பார்த்துச் சிரித்தார். இந்த ஒரு வருஷத்தில் என்னைப் பார்த்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. கிட்ட வந்து என் இரண்டு கையையும் பிடித்தார்.

“பயப்படாதை பிள்ளை. நான் பக்கத்தில இருந்து சொல்லிக்கொண்டு போவன். சிவப்பு, பச்சை, இடது, வலது எல்லாம் நான்தான் சொல்லுறது. எத்தினை வருஷமா இப்பிடித்தான் கொண்டுபோறன். ஒண்டும் நடக்கேல்ல.” குரலைத் தாழ்த்தினார். “நீ அவருக்கு ஊத்தாமல் விட்டது நல்லது. வெளியில சொல்லாமல் என்னட்ட ஓடி வந்ததும் நல்லது. நான் உன்னைப் பிழையா நினைச்சிட்டன். இவ்வளவு காலமும் நான் தனியத்தான் பாத்தனான். இனி நீ இருக்கிறாய்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு முன் இருக்கையில் ஏறினார்.

நான் அங்கேயே நின்றேன். ஒரு வருஷமாக எதற்குத் தவம் கிடந்தேனோ அது என் கையில் வந்து விழுந்திருந்தது. அந்த வீட்டுக்கு நான் தேவைப்பட்டுவிட்டேன். சும்மா இருந்தால் போதும். திங்கட்கிழமை பொன் உருகும்.

ஓடிப் போய்ப் பின்கதவைப் பிடித்தேன். அன்ரி பூட்டிவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, சரி சரி, போ என்று கையால் காட்டினார். ஆரபி இன்னமும் பட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கார் பின்னுக்கு வந்தது. தள்ளுவண்டி ஒன்றில் முட்டி, அது உருண்டு போய் வேறொரு கார்க் கதவில் இடித்தது. அங்கிள் நிறுத்தவில்லை. கார் வெளிவாசலை நோக்கி ஊர்ந்து, சிவப்பு விளக்கில் நின்றது. அன்ரி கையை நீட்டி நீட்டிக் காட்டுவது தெரிந்தது.

பொலீஸ் என்றாலே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வாய் உலர்ந்துவிடும். தற்காலிக விசாக்காரர் பொலீசுக்கு முன்னால் போவது நல்லதுக்கில்லை என்று அப்பா எனக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார். எண்களை அமத்தும்போது என் விரல் இரண்டு தரம் பிழைத்தது.

மறுபக்கத்தில் ஒரு பெண் நிதானமாகக் கேட்டாள். இலக்கத் தகட்டை வாசித்தேன். நிறத்தைச் சொன்னேன். எந்தத் தெருவுக்குத் திரும்பப் போகிறது என்று சொன்னேன். உள்ளே பிள்ளை இருக்கிறதா என்றாள். ஐந்து வயது, பட்டி போடவில்லை என்றேன். அந்த நேரம் அன்ரி திரும்பி, போனும் கையுமாக நின்ற என்னைக் கண்டார். தனுஜனோடு பேசுகிறேன் என்று நினைத்திருப்பார். சந்தோஷமாகக் கை காட்டினார். என்னால் கையைத் தூக்க முடியவில்லை.

ஓட்டுநரை உங்களுக்குத் தெரியுமா என்று அந்தப் பெண் கேட்டாள்.

“தெரியும்” என்றேன்.

விளக்கு பச்சையாகி, ஒரு ஹோர்ன் சத்தத்துக்குப் பிறகுதான் கார் நகர்ந்தது.

திரும்பி வந்தபோது டெனிஸ் என் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு விலகினாள். ஒரு வயதான சோடி வந்து, இது எந்த ஊர் வைன் என்று விசாரித்தார்கள். மோல்டோவா என்றேன். செர்ரி, பிளம்ஸ், புகை என்றேன். ஊற்றும்போது மேசை விரிப்பெல்லாம் சிந்தியது. என் காது முழுக்க வெளியே இருந்தது. மோதிய சத்தம் கேட்டுவிடுமோ, கேட்டுவிடுமோ என்று காத்திருந்தேன். அந்தச் சோடி மூன்று போத்தல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

வேலை முடிய, ஏப்ரனைக் கழற்றும்போது தனுஜன் போன் அடித்தான்.

“ஆரபி?” என்றேன் முதலில்.

“அவளுக்கு ஒண்டுமில்லை. இப்ப சிவாஜினி அக்காவோட இருக்கிறாள். பொலீஸ் ரெண்டு சந்தி தள்ளி மறிச்சிட்டாங்கள். ஊதச் சொல்லி... லைசன்ஸ் போச்சு. கோர்ட்டுக்கு வேற போகவேணும்.”

சுவரில் சாய்ந்துகொண்டேன். பிள்ளை உயிரோடு இருக்கிறாள். அந்த நிமிஷம் எனக்கு வேறொன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

“ஆரோ கார் பார்க்கில இருந்து பொலீசுக்கு அடிச்சிருக்கினமாம்” என்றான்.

நான் ஏப்ரனைச் சுருட்டினேன்.

“அப்பா நீதான் எண்டு கத்துறார். அம்மா நம்பேல்ல. கௌசி செய்யமாட்டாள், அவள் எங்கட பிள்ளை எண்டு அவரோட சண்டை பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. அம்மா உனக்காகக் கதைக்கிறா, கௌசி! இப்பிடி ஒருநாளும் கதைச்சதில்லை. ஸ்பீக்கரில போடுறன். நான் இல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. அது போதும். திங்கக்கிழமை எல்லாம் நடக்கும்.”

“உண்மையில நான்தானோ எண்டு நீ கேக்கேல்லையே?”

“எனக்குத் தெரியத் தேவையில்லை. ப்ளீஸ். சொல்லு.”

எனக்கும் சொல்லத்தான் ஆசை. அவனை எவ்வளவு விரும்பினேன் என்பது எனக்குத்தான் தெரியும். நாக்கு நுனிவரைக்கும் அந்தச் சொல் வந்து நின்றது. சொல்லிவிட்டால் அவன் எனக்கு. பிறகு வாழ்நாள் முழுக்க நானும் ஒரு டப்பாவில் ஏலக்காயோடு முன் இருக்கையில் ஏறி உட்காரலாம். சிவப்பு, பச்சை என்று சொல்லிக்கொடுக்கலாம். நாளைக்கு எனக்குப் பிறக்கிற பிள்ளை பின் இருக்கையில் தானே பட்டியைப் பூட்டப் பழகும்.

ஸ்பீக்கர் போட்ட சத்தம் கேட்டது. அறை நிறைய ஆட்கள் மூச்சுவிடாமல் நிற்பதும் தெரிந்தது.

“சொல்லு பிள்ளை” என்றார் ரஞ்சினி அன்ரி, அன்பாக.

“நான்தான் அன்ரி, பொலீசுக்கு அடிச்சனான். அவர் திரும்பவும் ஓடினா, திரும்பவும் அடிப்பன்.”

யாரோ ஸ்பீக்கரை நிறுத்தினார்கள்.